அவீசிக் கிணறும் எங்கள் குடங்களும்

எங்கள் லைனுக்கு ஒரே கிணறு. ரங்கூனை அடுத்த இன்சீனில், ரயில் பட்டறையைத் தாண்டி, லைங் ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, அரிசி ஆலைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்காகக் கட்டிய தகரக் கூரை வீடுகள் எதிரெதிராக இரண்டு வரிசை. நடுவில் முற்றம். முற்றத்தின் கோடியில் கிணறு. வீடுகளை ஆலை கட்டியது. நிலம் ஆலையுடையது. கிணற்றை மட்டும் ஆலை வெட்டவில்லை. எங்களுக்கு முன்னால் கப்பலேறி வந்தவர்கள், மூட்டை சுமந்த நேரம் போக மிச்ச நேரத்தில் தங்கள் கையால் வெட்டியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

லைனில் பல ஜாதி ஜனம். ஊரில் இருந்திருந்தால் இவர்களில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரின் கிணற்றுப் பக்கம்கூடப் போயிருக்க முடியாது. இங்கே வேறு கிணறு கிடையாது என்பதால் ஒரு ஏற்பாடு தானாக உண்டாயிற்று. கயிறும் வாளியும் பொது. குடம் அவரவருடையது. வரிசையில் வைத்த குடத்தை, வைத்தவளைத் தவிர வேறு ஒரு கை தொடக்கூடாது. நகர்த்தி வைப்பதும் கூடாது. குடத்தை வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போகலாம், பிள்ளைக்குத் தலை சீவப் போகலாம். திரும்பி வரும்வரை நம் இடத்தில் நம் குடம் நிற்கும். ஒரு தடவை யார் வீட்டுக்கோ விருந்தாக வந்த ஒருத்தி, தெரியாமல் ஒரு குடத்தைக் காலால் ஒதுக்கிவிட்டாள். அன்று எழுந்த கூச்சலில் ஆலைக் காவல்காரன் தடியோடு ஓடிவந்தான். விருந்தாளி சாயங்கால ரயிலிலேயே போய்விட்டாள்.

எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. நான் மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். எழுதப் படிக்க வரும். நாலு பேர் நடுவில் பேச வராது. பேச வேண்டும் என்று நினைத்தாலே காது சூடாகிவிடும், தொண்டை அடைத்துக்கொள்ளும். வேறொரு லைனில் இருந்திருந்தால் எனக்குத் தண்ணீரே கிடைத்திருக்காது. இங்கே நான் சண்டை போட வேண்டியதில்லை. எனக்குப் பதிலாக என் குடம் நின்றுகொள்ளும்.

அது பித்தளைக் குடம். அதன் வயிற்றில் ஒரு நசுங்கல் உண்டு. ரங்கூன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும்போது என் வீட்டுக்காரர் படியில் கால் தடுக்கி அதைக் கீழே போட்டார். பர்மாவில் நாங்கள் செய்த முதல் காரியம் அதுதான் என்று சொல்லி அவர் சிரிப்பார்.

கோடையில் லைங் ஆற்றுத் தண்ணீர் கரிக்கும். கடல் ஏற்றத்தோடு உப்பு மேலே வந்துவிடும். அந்தத் தண்ணீரை ஆலையின் பாய்லருக்கு விட்டால் உள்ளே உப்புக் கட்டி இறுகிக்கொள்ளும். அதனால் ஒரு பனிக்காலத்தில், ஆலை வளவுக்குள் குழாய்க் கிணறு இறக்க முடிவு செய்தார்கள். பர்மியர் அதை அவீசிக் கிணறு என்பார்கள். அவீசி என்றால் அவர்கள் மதத்தில் எல்லா நரகத்துக்கும் அடியில் இருக்கிற நரகம். அவ்வளவு ஆழம் போகிற கிணறு என்று அர்த்தம்.

போரிங் கண்டிராக்டர் கொண்டுவந்தது, துளைக்கு மேல் முக்காலியாக நடுகிற மரங்களும் இரும்புக் குழாய்களும் ஒரு வங்காளி ஓவர்சியரும்தான். கயிறு இழுக்கிற ஆட்களை எங்கள் மேஸ்திரி கொடுத்தார். மேஸ்திரி எங்களை எல்லாம் ஊரிலிருந்து கூட்டிவந்தவர். வேலையும் அவர் கையில், வீடும் அவர் கையில். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரையும் அவர் போரிங் வேலைக்கு மாற்றிவிட்டார். கீழேயிருந்து வருகிற மண்ணை ஒவ்வொரு வகையாகப் பிரித்து மரத்தட்டில் வைப்பது அவருடைய வேலை. அந்த வேலையில் அவருக்கு ஒரே பெருமை. சாப்பிட உட்கார்ந்தால் மண்ணைப் பற்றித்தான் பேச்சு.

"மேல செம்மண்ணு. கல்லு மாதிரி இருக்குது. அதுக்கு அடியில மஞ்சக் களி. அதுக்கும் அடியில நைசு மணலு, அதுலதான் நம்ம கிணத்துத் தண்ணி நிக்குது. அப்புறம் நீலக் களி வந்துச்சு பாரு, சவுக்காரம் மாதிரி வழுக்குது."

"அதோட முடிஞ்சுதா?"

"எங்க முடியுது? அதுக்கும் கீழ பருமணலு, கூழாங்கல்லு. ஆலைக்கு அந்தத் தண்ணிதான். நம்ம தண்ணி வேற, அவங்க தண்ணி வேற. நடுவுல நீலக் களி இருக்குது, ஒட்டாது. மேஸ்திரியே சொன்னாரு."

நான் நம்பினேன். எல்லோரும் நம்பினோம்.

கோடை வந்தது. எங்கள் கிணற்றில் ஒரு கயிறு எட்டவில்லை. இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டோம். பங்குனி பிறந்தபோது அதுவும் அடியில் சேற்றைத்தான் தொட்டது. ஒரு குடம் நிறையக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு உலை கொதித்து அடங்கிவிடும். ஆலையில் மட்டும் நீராவி பம்பு பகலெல்லாம் டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் நின்றால் அந்தச் சத்தம் உள்ளங்காலில் தெரியும்.

அம்மனுக்குக் குறை என்று பேச்சு வந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை, ஒரே தாலுகாக்காரி, அவ்வளவுதான். அவளுக்கு லைன் முழுவதும் பயப்படும். வாய் அப்படி. அவள் முன்னின்று கிணற்றடியில் பொங்கல் வைத்தாள், கூழ் ஊற்றினாள், வேப்பிலை கட்டினாள். சித்திரை வருஷப் பிறப்பும் பர்மியரின் திஞ்சான் தண்ணீர்ப் பண்டிகையும் சேர்ந்தே வருமல்லவா, அந்த நாட்களில்தான். தெருவில் பர்மியப் பிள்ளைகள் போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றிச் சிரிக்க, நாங்கள் தண்ணீர் வேண்டிக் கும்பிட்டோம்.

தண்ணீர் வந்தது. உண்மையாகவே வந்தது. கயிற்றின் முடிச்சை அவிழ்த்துவிடலாம் போல ஏறி நின்றது. மதினிக்கு அருள் வந்துவிட்டது. மேஸ்திரி வந்து கற்பூரம் ஏற்றினார். வேறு யாரையும்விட அவர்தான் அதிகம் சந்தோஷப்பட்டார் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

எனக்குக் காதில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று. டக்கு டக்கு இல்லை. திஞ்சானுக்கு ஆலை மூடியிருந்தார்கள்.

பண்டிகை முடிந்து ஆலைச் சங்கு ஊதியது. மறுநாளே கிணறு இறங்கத் தொடங்கியது. சேறு வந்த அன்று மதினி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஆத்தாளுக்கு நாம என்ன குறை வெச்சோம்? வெல்லம் கம்மியாப் போச்சோ?"

"சங்கு ஊதினாத் தண்ணி போயிருது மதினி" என்றேன்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல."

"இல்ல, சொல்லு. நீ பேசுறதே அதிசயம்."

"ஆலை மூடினா ஏறுது. ஆலை ஓடினா இறங்குது. வெல்லத்துல ஒண்ணுமில்ல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஆலைப் புகைபோக்கியைப் பார்த்தாள். எழுந்துபோய்க் கிணற்றில் கட்டியிருந்த வேப்பிலையை அவிழ்த்துப் போட்டாள்.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் இல்லவே இல்லை என்றார். நீலக் களி, நீலக் களி என்று அதையே சொன்னார். ஓவர்சியரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். மறுநாள் கேட்டுவிட்டு வந்தவருக்கு முகம் தொங்கியிருந்தது.

ஓவர்சியர் மறைக்கவே இல்லையாம். ஆமாம், அதே தண்ணீர்தான் என்றாராம். நீலக் களி எங்கும் ஒரே கனமாக இல்லை. ஆலைப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் இருப்பது, லைன் பக்கம் வர வர மெலிந்து நைந்துபோகிறது. கீழேயுள்ள பருமணலிலிருந்து பம்பு இழுக்க இழுக்க, மேலேயுள்ள தண்ணீர் களியின் நைந்த இடத்தில் கசிந்து கீழே போகிறது. குழாய் இறக்குவதற்கு முன்பே ஆலை மேனேஜர் துரையிடம் அவர் சொல்லியிருக்கிறார். மேஸ்திரியும் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

ஆகவே ஓவர்சியருக்குத் தெரியும். துரைக்குத் தெரியும். கற்பூரம் ஏற்றினாரே, அந்த மேஸ்திரிக்கும் தெரியும். தெரியாதவர்கள் கூழ் ஊற்றிய நாங்கள்தான்.

எனக்குக் கோபம் வந்தால் அழுகை வரும். அன்று அழுகை வரவில்லை.

மழைக்காலத்தில் கிணறு நிறைந்தது. நிறைந்ததும் ஜனங்கள் மறந்தார்கள். நான் மறக்கவில்லை. பூமிக்கடியில் தண்ணீர் எப்படி இருக்கிறது, எப்படிப் போகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்டுக் கேட்டு, அவர் தெரியாது என்பதை ஓவர்சியரிடம் கேட்டுவரச் சொல்லித் தெரிந்துகொண்டேன். அதுவரை, கீழே ஆறு மாதிரி ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். ஓடுவதில்லை. ஊறிப் போகிறது. மணலுக்கும் மணலுக்கும் நடுவேயுள்ள இண்டு வழியாக, வடித்த சோற்றுக்குள் ரசம் இறங்குவது மாதிரி. வடக்கே பெகு யோமா மேட்டில் மணல் படுகை வெளியே தலை காட்டுகிற இடங்களில் மழை உள்ளே நுழைகிறது. அங்கிருந்து சரிவு பார்த்துத் தெற்கே நம் பக்கமாக நகர்கிறது. அது நம் முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வரவே வருஷங்கள் ஆகுமாம். ஆகவே நாங்கள் குடித்தது அந்த வருஷத்து மழை அல்ல. நாங்கள் கப்பலேறுவதற்கு முன்னால், நான் பிறப்பதற்கும் முன்னால் பெய்த மழை. அதைத்தான் ஆலை நெல் அவிக்க ஆவியாக்கிக்கொண்டிருந்தது.

மறு வருஷக் கோடையில் ஆலைக்கே அடி விழுந்தது. பம்பு ஓயாமல் இழுத்ததில் ஆற்றுப் பக்கத்து உப்புத் தண்ணீர் பூமிக்குள்ளேயே திரும்பி அவர்கள் குழாயைத் தேடி வந்துவிட்டது. பாய்லரில் மறுபடியும் உப்பு. லைனில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அடுத்தது என்னவென்று யோசித்தேன்.

ஓவர்சியர் திரும்பி வந்தார். மூன்று இடங்களில் சோதனைத் துளை போட்டார்கள். ஆற்றோரத்தில் ஒன்று, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தில் ஒன்று, எங்கள் முற்றத்தில் ஒன்று. முற்றத்துத் துளையை மூடிவிட்டு, அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு முளை அடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று என் வீட்டில் தோசை. வீட்டுக்காரர் அடுக்கி வைத்திருந்த தோசைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, ஆறிப்போகுது."

"இரு. ஓவர்சியர் சொன்னதைக் காட்டுறேன்." அந்த அடுக்கை நடுவில் இரண்டாகக் கிள்ளினார். ஒரு பாதியைத் தட்டின் பள்ளத்துக்குத் தள்ளிவிட்டார். "கிழக்க ஷான் மலை, மேற்க அரக்கான் மலை. நடுவுல இருக்கிற பூமி அந்தக் காலத்துலயே விரிசல் விட்டுக் கீழ உக்காந்திருச்சாம். அந்தப் பள்ளத்துலதான் ஆறெல்லாம் மணலும் களியும் கொட்டி ரொப்பியிருக்கு. பெரிய விரிசல் தூரத்துல இருக்கு. சின்னச் சின்ன விரிசல் எங்க வேணா இருக்குமாம். நம்ம ரயில் ரோட்டுக்கு அடியில ஒண்ணு போகுது."

"அதனால?"

"இந்தப் பாதியில இது மணல் தோசைன்னு வெச்சுக்கோ. இதுக்கு நேரா அந்தப் பாதியில என்ன இருக்கு?"

பார்த்தேன். ஒரு பாதி சரிந்துவிட்டதால் அடுக்குக்கு அடுக்கு பொருந்தவில்லை. "மணலுக்கு நேரா களி."

"அதான். மணல் வழியா வர்ற தண்ணி அந்தக் களியில முட்டி நின்னுருது. அந்தப் பக்கம் போக வழியில்ல. நல்ல தண்ணி எல்லாம் இந்தப் பக்கம், நம்ம முத்தத்துக்கு அடியில தேங்கிக் கெடக்கு. ஆத்தோரத் துளையில உப்புத் தண்ணி. ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் துளை போட்டோமே, வெறும் களி. நாக்கு நனையத் தண்ணி இல்ல."

நான் அந்தச் சரிந்த பாதியைத் தின்னவே இல்லை. அவர்தான் தின்றார்.

மேஸ்திரி வந்து சேதி சொன்னது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. எல்லோரையும் முற்றத்தில் கூட்டினார். வீடுகளைப் பிரித்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கட்டித் தரப்போகிறார்களாம். மறுநாளே முற்றத்தில் புதுக் குழாய் வேலை தொடங்குமாம். கிணற்றை மூடிவிடுவார்களாம்.

"அந்தப் பக்கம் காத்தோட்டமா இருக்கும். புதுக் கிணறு, இதைவிடப் பெருசு, சிமிட்டிப் பூசி வெட்டித் தர்றதா துரை வாக்குக் குடுத்துட்டாரு" என்றார்.

ஆண்கள் தலையாட்டினார்கள். வேலை அவர் கையில், என்ன செய்வார்கள்? பெண்கள் வீட்டு வாசல்களில் நின்றோம். எனக்குக் காது சூடாயிற்று. அப்படியும் சொன்னேன்.

"அங்க தண்ணி கிடையாது."

"யாரது?" மேஸ்திரி திரும்பினார். "போரிங்காரன் பொண்டாட்டியா? அடேடே, இதுக்கு வாய் உண்டா? இத்தனை வருஷமா நான் ஊமைன்னுல்ல நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் குனிந்துகொண்டார்.

"துளை போட்டுப் பாத்தாச்சு. வெறும் களி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அம்மா, நீ போய் அடுப்பைப் பாரு. பூமிக்கு அடியில இருக்கிறதை ஆலை பாத்துக்கும்."

உள்ளே போனேன். அடுப்பை மூட்ட உட்கார்ந்தேன். பதில் சொல்ல எத்தனையோ இருந்தது, ஒன்றும் அந்த இடத்தில் வாயில் வராது. எனக்கு வாய் வேலை செய்யாது. வேறு எது வேலை செய்யும் என்றுதான் யோசிக்க வேண்டியிருந்தது. அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் குடம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றுக்குப் போகவில்லை. முற்றத்தின் நடுவே அடித்திருந்த முளையின் மேல் சும்மாடு வைத்து, அதன் மேல் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மதினி பார்த்துவிட்டாள். "ஏ, கிணறு அங்க இருக்கு. குடத்தை எங்க வெச்சுட்டுப் போறே? தூக்கக் கலக்கமா?"

"இனிமே தண்ணி இங்கதானே வரப்போகுது. இப்பவே வரிசை புடிச்சேன்."

அவள் ஒரு கணம் வாயைப் பிளந்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் எதிர் வரிசைக் கதவுகள் திறந்தன. "அடி என் ராசாத்தி!" என்று உள்ளே ஓடி, தன் குடத்தைக் கொண்டுவந்து என் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். "நான் ரெண்டாவது. எல்லாரும் பாத்துக்குங்க, நான் ரெண்டாவது!"

அதன் பிறகு யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லைன் பெண்களுக்கு வரிசை என்று ஒன்றைக் கண்டால் நிற்க முடியாது. பித்தளையும் செம்பும் மண்ணுமாகக் குடங்கள் வந்தன. முளையைச் சுற்றி வந்து, முக்காலி நடவேண்டிய இடமெல்லாம் வளைத்துக்கொண்டு நின்றன. வீட்டுக்கு ஒரு குடம் அங்கே, இருக்கிற வேறு பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர்.

லைன் வாசலில் மோஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய சேமியா, விற்கும் பர்மிய அம்மாள் ஒருவர் உண்டு. நாங்கள் அமா என்போம், அக்கா மாதிரி. எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் அவர் மீன் குழம்பு காய்ச்சுவார். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தார். இரண்டு மண்பானைகளில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து வரிசையின் இரண்டு ஓரத்திலும் வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் தட்டு மூடி, தட்டின் மேல் ஒரு தகரக் குவளையைக் கவிழ்த்தார். பர்மியர் வழிப்போக்கர் குடிக்கப் புண்ணியத்துக்கு வைப்பார்களே, அந்த மாதிரி.

"உன் ஆள் உன் குடம் தொடாது. சரி. பர்மா ஆள் கூட்டி வந்தா? அவன் தொடும்" என்றார் எங்கள் தமிழில். "இது யே-ஓ. தருமத் தண்ணிப் பானை. பர்மா ஆள் குடிக்கும், நகத்தாது."

எனக்கு அது தோன்றியிருக்கவே இல்லை.

முக்காலி மரங்களை ஏற்றிய மாட்டு வண்டி வெயில் ஏறியபின் வந்தது. கூடவே கயிறு இழுக்கிற ஆட்கள், அவர்களில் என் வீட்டுக்காரர். பின்னால் ஓவர்சியர். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோம். முற்றத்தில் ஒரு பெண் இல்லை. குடங்கள் மட்டும். நான் தட்டிச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்கள் மரத்தை இறக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தார்கள். யாரோ போய்ச் சொல்லி மேஸ்திரி வந்தார்.

"என்னடா இது திருவிழா? எடுங்கடா அந்தப் பக்கம்."

ஒருவரும் அசையவில்லை.

"டேய், குடத்தைத்தானே எடுக்கச் சொன்னேன்? பாம்பையா எடுக்கச் சொன்னேன்?"

"பாம்புன்னா எடுத்துருவோம் மேஸ்திரி" என்றான் ஒருவன். "வீட்டுக்கு வீடு சண்டை வரும். யாரு பதில் சொல்றது?"

"சரி, அவனவன் வீட்டுக் குடத்தை அவனவன் எடு. அதுக்கு என்ன தடை?" மேஸ்திரி கெட்டிக்காரர். நான் இதை யோசிக்கவில்லை. "நீ வா" என்றார் என் வீட்டுக்காரரைப் பார்த்து. "உன் பொண்டாட்டிதான் இதை ஆரம்பிச்சு வெச்சதுன்னு கேள்வி. எடு உன் வீட்டுக் குடத்தை."

அவர் முன்னால் வந்தார். என் குடம் முளையின் மேல், அவர் கால் மாட்டிலேயே இருந்தது. நசுங்கல் அவரைப் பார்த்தபடி இருந்தது. துறைமுகப் படியில் அவர் கீழே போட்டபோது விழுந்த அதே நசுங்கல். அதை எடுத்தால் வேலை இருக்கும், வீடு இருக்கும். எடுக்காவிட்டால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் தட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்து குடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வரிசையின் கோடி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"எது என் வீட்டுக் குடம்னு எனக்குத் தெரியலீங்க" என்றார்.

"என்னடா?"

"தண்ணி மொள்றது பொம்பளைங்க வேலை. எனக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்குது. மாத்தி எடுத்துட்டா வம்பாப் போயிரும்."

அடுத்தவனைக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை. அதற்கடுத்தவனுக்கும் தெரியவில்லை. பொண்டாட்டி முகம் தெரியும், குடம் முகம் தெரியாது என்றான் ஒருவன். எந்த வீட்டிலிருந்தோ ஒரு சிரிப்பு அடக்க முடியாமல் வெடித்தது. மதினியாகத்தான் இருக்கும்.

பர்மிய ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அவர்கள் ஓரத்தில் இருந்த பானையையும் கவிழ்ந்த குவளையையும் பார்த்தார்கள். ஒருவன் குவளையை எடுத்துத் தண்ணீர் குடித்தான், பழையபடி கவிழ்த்தான், கும்பிடுவது போல் ஏதோ செய்தான். பிறகு எல்லோரும் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசியில் துரையே வந்தார். கையில் பிரம்பு இருந்தது. முளையின் மேலிருந்த என் குடத்தைப் பிரம்பால் தட்டினார். வெறும் குடம், நன்றாக ஒலித்தது. ஓவர்சியரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஓவர்சியர் தோளைக் குலுக்கினார். துரை ஒரு உதையில் அத்தனையையும் உருட்டிவிட்டிருக்கலாம். நிலம் அவர்களுடையது, போலீஸும் வந்திருக்கும். ஆனால் துறையில் நெல் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன, மழைக்கு முன்னால் இறக்கியாக வேண்டும். இறக்குகிற தோள்கள் எல்லாம் எங்கள் லைன் தோள்கள். அந்தத் தோள்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, அவரவர் வீட்டு வாசலில் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள்தான்.

துரை பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மேஸ்திரி பின்னாலேயே ஓடினார்.

மழை பிடிக்கும்வரை குடங்கள் அங்கேயே நின்றன. வண்டி மரங்களோடு திரும்பிப் போயிற்று. கண்டிராக்டருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து ஓவர்சியரும் போனார். ஆலை இப்போது கோடையில் மேலாற்றிலிருந்து படகில் நல்ல தண்ணீர் கொண்டுவருகிறது. பழைய குழாயில் பம்பு இழுப்பது பாதி நேரம்தான். மேஸ்திரி என் வீட்டுக்காரரை மறுபடியும் மூட்டை தூக்கப் போட்டார். அது தண்டனை. அதில் அவருக்கு முதுகு வலியும் வந்தது. கோடையில் எங்களுக்கு இன்றும் இரண்டு கயிறு வேண்டும். ஜெயித்தோம் என்று சொல்ல மாட்டேன். லைனை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

துரை வந்துபோன அன்று சாயங்காலம் குடத்தைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மழை பிடித்தபின் குடம் வீட்டுக்கு வந்தது. முதல் தடவை அதைச் சாய்த்துக் குடிக்கத் தண்ணீர் எடுத்தபோது, அவருடைய கட்டைவிரல் நேராக அந்த நசுங்கலில் போய் உட்கார்ந்தது. தினமும் அங்கேதான் உட்காரும்.

ஒவ்வொரு கோடையிலும் முற்றத்தில் அந்த முளை இருந்த இடத்தில் என் குடத்தை வைக்கிறேன். முளை உளுத்துப் போய்விட்டது, இடம் எனக்குத் தெரியும். புதிதாக லைனுக்கு வருகிற பெண்கள் கிணறு அங்கே இருக்கக் குடம் ஏன் இங்கே என்று கேட்கிறார்கள். வரிசை என்கிறேன். அதன் அடியில் நான் பிறப்பதற்கு முன்னால் பெய்த மழை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, விரிசலில் முட்டிக்கொண்டு. குடம் வெறும் குடம்தான். வேண்டுமென்றால் யாராவது வந்து எடுத்துப் பார்க்கட்டும்.